ஒரே ஒரு 'நீ'

"ஒரே ஒரு 'நீ' போதும் பெரின். அந்த நடிகை அந்த ரக்பி வீரனை 'நீ'ன்னு சொல்றதை உன் காதால கேட்டுட்டா, இந்த வார அட்டைப்படக் கட்டுரை உனக்கு. வெறுங்கையோட வந்தா, திங்கட்கிழமையிலேர்ந்து ராசிபலன் எழுது."

"சார், அவங்க வெறும் நண்பர்களா இருந்தா?"

"அதுக்குத்தான் காதைத் தீட்டிக்கோன்னு சொல்றேன். பிரான்ஸ்ல பல் டாக்டரை 'நீங்க'ன்னு சொல்லுவோம், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லுவோம். காதலனைச் சொல்லுவோமா? போ, ரயில் கிளம்பிடப் போகுது."

ஆசிரியர் பெர்தொலே போனை வைத்துவிட்டார். பெரின் ஓடிப் போய் ஆன்ஷே செல்லும் ரயிலில் ஏறினாள்.

அவர்கள் இருவரையும் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியமாக இல்லை. நடிகை சொலேன் தலையில் முக்காடும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தாள். ஆனால் பக்கத்தில் இருந்தவனை எந்த முக்காட்டில் மறைப்பது? ரக்பி வீரன் காஸ்தெல். நாடே 'புல்டோசர்' என்று கூப்பிடும் ஆள். ஒன்றரை இருக்கையை அடைத்துக்கொண்டு, உடைந்து ஒட்டிய மூக்கோடு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பெரின் எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டைப் போடாமல், கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்பை எடுத்துத் தர்றீங்களா?" என்றான் புல்டோசர்.

"இதோ, எடுத்துக்குங்க" என்றாள் சொலேன்.

பெரின் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தாள். மேஜையில் உப்பே இல்லை.

"ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

"நல்லா தூங்கினேன். நீ..."

பெரின் காதைத் தீட்டிக்கொண்டாள். அட்டைப்படமே கண்முன் வந்து நின்றது.

புல்டோசர் புருவத்தை உயர்த்தினான்.

"...ங்க?" என்று இழுத்து முடித்தாள் சொலேன். "ஐயோ, எனக்கு வாயிலேயே வரமாட்டேங்குது! எத்தனையோ படம் பண்ணிட்டேன், இப்படி ஒரு வேஷம் கட்டினதே இல்லை."

"பயப்படாதீங்க. முதல் சாப்பாட்டுக் காட்சியைத் தாண்டிட்டா அப்புறம் தானா வந்துடும்."

"அந்த அம்மாவை நெனைச்சாத்தான் வயித்தைக் கலக்குது."

"கொஞ்சம் கண்டிப்புதான். ஒரு வார்த்தை பிசகினாலும் முகத்தைத் திருப்பிக்குவாங்க. கத்த மாட்டாங்க. அதுதான் இன்னும் பயம்."

"நீங்க தேறிட்டீங்களா?"

"எனக்கென்ன, பழக்கம்தான். திரும்பவும் உப்புலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

பெரின் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வேஷம் என்கிறாள். காட்சி என்கிறான். கண்டிப்பான ஓர் அம்மா வேறு இருக்கிறாள், டைரக்டராகத்தான் இருக்கும். இல்லாத உப்பை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொள்கிறார்கள். இது காதல் இல்லை, ஒத்திகை!

எதையும் ஒருமுறைக்கு இருமுறை சந்தேகப்படுவது அவள் சுபாவம். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். சூப் வந்தது, கோழி வந்தது, பாலாடைக்கட்டி வந்தது, எல்லாம் வாய்வார்த்தையில்தான். எல்லாவற்றுக்கும் 'நீங்க'தான். மறந்தும் ஒரு 'நீ' இல்லை.

இதற்கு மேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பெரின் எழுந்து, பெட்டியின் கோடிக்குப் போய் போன் செய்தாள்.

"சார், காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. புல்டோசர் சினிமாவுல நடிக்கப் போறான். ரெண்டு பேரும் வசனம் ஒத்திகை பாக்கறாங்க."

'மேஷம், ரிஷபம்' என்று பெரின் மனசுக்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"நிச்சயமா?" என்றார் பெர்தொலே.

"ரெண்டு காதாலயும் கேட்டேன் சார்."

"வை போனை!"

ஆன்ஷே ஸ்டேஷனில் அவர்களுக்குப் பின்னாலேயே அவளும் இறங்கினாள். பாரிஸுக்குத் திரும்பும் ரயில் எந்த நடைமேடை என்று தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பெரின், நீ தங்கம்! காதல் சேதி எவன்கிட்டயும் கிடைக்கும். புல்டோசர் நடிகன் ஆகிறது நம்மகிட்ட மட்டும்தான்! 'காதல் இல்லை, கால்ஷீட்தான்'னு தலைப்பு. அட்டை அச்சுக்குப் போயாச்சு. ராசிபலனை வேற எவன் தலையிலயாவது கட்டிடலாம்."

பெரினுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அப்போது, முழங்கை கிழிந்த கோட்டு போட்ட ஒரு கிழவரும், முத்துமாலை அணிந்த ஒரு கிழவியும் புல்டோசரை நோக்கி வந்தார்கள். கிழவர் கையில் பிடித்த கயிற்றை ஒரு பெரிய வேட்டைநாய் இழுத்துக்கொண்டு வந்தது.

"வழக்கம்போல காரைத் தப்பான இடத்துல நிறுத்திட்டீங்க" என்றாள் கிழவி.

"அங்கே நிறுத்தச் சொன்னதே நீங்கதானே?" என்றார் கிழவர்.

"கல்யாணமாகி நாப்பது வருஷமா நீங்க என் பேச்சைக் கேட்டதில்லை. இன்னிக்குத்தான் கேக்கணுமா?"

பெரின் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கோட்டை கொத்தளத்தோடு வாழ்ந்த பழைய பிரபுக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றைக்கும் புருஷன் பெண்டாட்டி 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். நேரில் பார்த்ததில்லை.

புல்டோசர் குனிந்து கிழவியின் கன்னத்தில் முத்தமிட்டான். "நல்லா இருக்கீங்களா, அம்மா?"

அதற்குள் நாய் கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்து, சொலேனின் வெள்ளைக் கோட்டில் இரண்டு சேற்றுக் கால்களையும் தூக்கி வைத்தது.

"ஹெக்தோர்!" என்றாள் கிழவி, குரலை உயர்த்தாமலே. "வீட்டுக்கு வரப்போற மருமக மேல இப்படியா தாவுவீங்க? கீழே இறங்குங்க!"