டிபனுக்குப் பத்து நிமிஷம்

"டிபனுக்குப் பத்து நிமிஷம் நிக்கும்!"

மலை அடிவாரத்தில் விசிலை ஊதிப் பஸ்ஸை நிறுத்திவிட்டு, முதல் ஆளாகக் குதித்து இறங்கினார் கண்டக்டர் முகமது இஸ்மாயில்.

பஸ் முழுக்க முணுமுணுப்பு.

"ஏனுங்க, இது லைன் பஸ்ஸா, இவரு ஊட்டு மாட்டு வண்டியா?" என்று ஆரம்பித்தார் குழந்தைவேல். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். "சேலத்துல ஏறி முழுசா அரை மணி ஆகல. அதுக்குள்ள வவுறு கேக்குதா?"

டிரைவர் மாதையன் சீட்டை விட்டு அசையவில்லை.

"எனக்குப் பசிக்கலப்பா. வா, மேல போயிப் பாத்துக்கலாம்."

இஸ்மாயில் விடுவதாக இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்து, எதிரே இருந்த அத்தாயியின் இட்லிக் கடைக்கு நடத்திக்கொண்டு போனார்.

"பாத்தீங்களா டீச்சர்? பசிக்கலைங்கற மனுசனையும் துணைக்கு இழுத்துட்டுப் போறாரு. சரியான தின்னிப் பண்டாரம்!"

ஜெயமேரி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தினமும் சேலத்திலிருந்து ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறவள். ஒரு மாதமாக இந்த டிபன் கூத்தால் முதல் மணி அடிக்கும்போது அவள் கேட்டைக்கூட எட்டுவதில்லை. நேற்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டுவிட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ். பரீட்சை நேரம் வேறு.

நியாயம் கேட்பதற்கு ஜெயமேரி என்றைக்கும் தயங்கியதில்லை. ரேஷன் கடை எடைக்கல்லாகட்டும், கரண்ட் ஆபீஸ் கவுண்டராகட்டும், அவள் வாயைத் திறந்தால் எதிராளி வாய் மூடிக்கொள்ளும்.

"இருங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வந்துடறேன்."

"நல்லா நாலு வார்த்தை கேளுங்க டீச்சர்!" என்று பின்சீட்டிலிருந்துகூட ஆதரவு வந்தது.

விறுவிறுவென்று சாலையைக் கடந்தாள். கடை வாசலில் கால் வைக்கும்போதே உள்ளே பேச்சுக் கேட்டது.

"இன்னும் ரெண்டுதாண்ணே."

"தொண்டைக்குக் கீழ எறங்க மாட்டேங்குதுப்பா. பசின்னு ஒண்ணு இருந்தாத்தானே? இங்க பாரு, பேண்ட் எப்படி லூசாயிருக்குதுன்னு. நொம்ப பாடுபட்டுக் கொறச்சிருக்கேன். டயட்டைக் கெடுத்துராதே."

"ரெண்டு இட்லியில டயட் கெடாதுண்ணே. டாக்டர் வெயிட்டைக் கொறைக்கச் சொன்னாரா, சாப்பாட்டையே நிறுத்தச் சொன்னாரா? பசிச்சாலும் சரி, பசிக்காட்டியும் சரி, நேரத்துக்கு அளவாச் சாப்பிட்டே ஆகணும்னு எம் முன்னாலதானே சொன்னாரு? சுகர் மாத்திரையை முழுங்கிட்டு வெறும் வவுத்தோட இத்தனை வளைவும் ஏறலாமா? சொல்லுங்க."

மாதையன் கசாயம் குடிக்கிற முகத்தோடு இட்லியைப் பிட்டு வாயில் போட்டார்.

ஜெயமேரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவளைப் பார்த்ததும் இஸ்மாயில் வெளியே ஓடி வந்தார்.

"டீச்சர், சத்தம் போட்றாதீங்க. போன மாசம் ஏற்காட்டுல வண்டியை நிறுத்திட்டு எறங்கினவரு, கையெல்லாம் நடுங்கி, வேர்த்துக் கொட்டி, அப்படியே உக்காந்துட்டாருங்க. ஒடம்பு கொறையணும்னு காலையில வெறும் கடுங்காப்பியோட வந்திருக்காரு. பட்டினி கெடந்து கெடந்து பசியே செத்துப் போச்சு. நேரத்துக்குச் சாப்பிட்டா ஒரு கொறையும் இல்ல, தாராளமா ஓட்டலாம்னு டாக்டரே சொல்லிட்டாருங்க."

"அப்ப சேலத்துலயே சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வரலாமே?"

"அங்க சாப்பிடச் சொன்னா, பசிக்கலன்னு வண்டியை எடுத்துருவாரு. இங்க நிறுத்தினா பஸ்ஸே திட்டுது பாருங்க, அதுக்குப் பயந்துக்கிட்டாவது வெரசா உள்ள தள்ளுறாரு."

"திட்டெல்லாம் உங்களுக்குத்தானே விழுகுது! டிரைவருக்காகத்தான் நிக்குதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"டிரைவருக்கு ஒடம்பு சரியில்லன்னு காதுல விழுந்தா, மலை ஏறுற பஸ்ஸுல ஆருங்க உக்காருவாங்க? மொதலாளிக்குத் தெரிஞ்சா அண்ணனை நிறுத்திருவாரு. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க அவருக்கு. எனக்கென்ன டீச்சர், திட்டுனா ஒடம்புல ஒட்டவா போகுது?"

சிரித்தார். வெயில் காலத்து உதடு காய்ந்து வெடித்திருந்தது.

ஜெயமேரிக்கு, கேட்க வந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட நினைவில் இல்லை. கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கண்டக்டருக்கும் ஒரு தட்டு வைங்க. நான் தர்றேன்."

"ஐயோ, வேண்டாங்க டீச்சர்" என்றபடி இஸ்மாயில் பஸ்ஸைப் பார்த்து நழுவினார்.

இட்லிப் பானையை மூடிக்கொண்டே அத்தாயி சொன்னாள்:

"அவரு சாப்பிட மாட்டாருங்க. நோம்பு மாசமில்ல? விடியறதுக்கு முன்னால சாப்பிட்டதுதான். இனி பொழுது உளுந்தாத்தான் பச்சத் தண்ணியே."

டிரைவர் கை கழுவிக்கொண்டு வந்தார். ஜெயமேரி அவருக்கு முன்னால் நடந்து போய் பஸ்ஸில் ஏறினாள்.

"என்னங்க டீச்சர், கேட்டீங்களா?" குழந்தைவேல் சீட்டை விட்டே எழுந்துவிட்டார்.

பஸ் முழுக்க அவள் வாயையே பார்த்தது. படியில் நின்ற இஸ்மாயிலும் பார்த்தார்.

"கேக்காம வருவேனா? இப்படி அவசர அவசரமாத் தின்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்னு கேட்டேன். நாளையிலிருந்து கால் மணி நேரம் எடுத்துக்கச் சொல்லிட்டேன்."