பிந்தி நடந்தவள்

“வெறும் சளிதாம்ட்டி, நாளைக்குப் பாப்போம்” என்று ஹரிகுமார் தட்டிக்கழித்ததில், அவனுடைய இரட்டைப் பெண்களில் இளையவள் பிறந்த இருபதாம் நாளே இறந்துபோனாள்.

மூத்தவள் ஆதிராவுக்கு ஏழாம் மாதம் பல் முளைத்தது. அதிலிருந்து சரியாக எட்டாம் நாள் ஹரிகுமாரின் விரலில் சின்னப் பற்கள் பதிந்திருந்தன. அன்று ஆதிரா தாயோடு சுசீந்திரத்தில் இருந்தாள். திரும்பி வந்த மனைவி லட்சுமிப்ரியாவிடம் விரலைக் காட்டினான்.

“இரட்டையில ஒண்ணு பிந்தத்தான் செய்யும்” என்றாள் அவள்.

ஆதிரா தவழத் தொடங்கிய எட்டாம் நாள், அவன் கட்டிலைச் சுற்றிக் குட்டி உள்ளங்கைகளின் ஈரம் இருந்தது.

ஆதிரா நடக்கத் தொடங்கிய எட்டாம் நாள் காலையில், லட்சுமிப்ரியா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவன் படுத்திருந்த அறையின் கதவை வெளியே தாழிட்டாள்.

“ஏட்டி, கதவைத் திற!”

“சின்னவ இண்ணைக்கு நடப்பா. பிடிக்க ஆளு வேண்டாமா? கையை நீட்டுங்க.”

உள்ளே அவன் அடியடியாகப் பின்வாங்குவது கேட்டது. சுவரில் முதுகு முட்டியதும் அந்தச் சத்தம் நின்றது.