உடையாத எண்

"அத்தை, அந்த எண் உடையுது."

மருமகள் சொன்னதைக் கேட்டும் மாமியார் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எந்த எண்?"

"நீங்க கொடுத்த எண்தான். அறுநூறு இலக்கம்."

மாமியாருக்கு மருமகள் பயப்படுவது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் இன்றைய பயம் சமையலில் உப்புக் குறைந்ததற்காக அல்ல. தொலைபேசி நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் அத்தை உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் இப்போது அவள் இருக்கிறாள். ஊரார் செல்போனில் பேசுவதை யாரும் ஒட்டுக் கேட்காமல் காப்பது, அத்தை கொடுத்துவிட்டு ஓய்வுபெற்ற அந்த ஒரு எண்தான். அது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அத்தை சொன்னதைச் சரிபார்க்க அலுவலகத்தில் எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

"சரியா பார்த்தியா?"

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். நிஜமாவே பகா எண்ணா இருந்தா, ரெண்டை அந்த எண் எத்தனையோ அத்தனை தடவை பெருக்கி அந்த எண்ணாலயே வகுத்தா ரெண்டுதான் மிஞ்சணும். வேற என்னமோ மிஞ்சுது அத்தை."

"எதால வகுபடும்னு தெரிஞ்சுதா?"

"அது தெரியல. உடையும்னு மட்டும்தான் தெரியும். துண்டுங்களைக் கண்டுபிடிக்க எந்தக் கம்ப்யூட்டராலயும் நம்ம ஆயுசுக்குள்ள முடியாது."

"அப்புறம் என்ன பயம்?"

"துண்டு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா? ஊர் பேசற அத்தனையும் உட்கார்ந்த இடத்துல இருந்தே கேட்கலாமே! புருஷன் பொண்டாட்டி பேசறது, டாக்டர் பேசறது, எல்லாம்!" அவள் வாசல் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். உங்க பேர் கெட்டுடுமேன்னுதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

மாமியார் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் வந்து மருமகளின் தலையை வருடினார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அவளுக்குப் பயம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது.

"ஏதோ என் கவனக்குறைவு. ஊரைக் கூட்டி என்னை அசிங்கப்படுத்தணுமா? உனக்கும் எனக்கும் தெரிஞ்சதோட போகட்டும்மா."

எப்போதும் அதட்டியே பழகிய குரல் இப்படிக் கெஞ்சியது அவளை என்னவோ செய்தது. பாவம், தெரியாமல் செய்த தப்புதானே. துண்டுகள்தான் யாருக்கும் தெரியாதே.

"சரி அத்தை. நான் யார்கிட்டயும் சொல்லல."

"சமத்து." மாமியார் மறுபடியும் கத்தியை எடுத்தார். "அப்படியே இன்னொண்ணு. தனியா வீடு பார்க்கற விஷயத்தை இனிமே உங்க அக்காகிட்ட போன்ல பேசாதே. நேர்ல பேசிக்கோ."

அலுவலகத்திலிருந்து அக்காவிடம் போனில் பேசியதோடு சரி. கட்டிய கணவனிடம்கூட மருமகள் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.