பேஸ் பாக்ஸை ஒட்டி ஒரு ரசிகை

“ஏம்மா, தள்ளி உக்காரும்மா! காது போய்டும்!”

மைக் செட் கண்ணப்பன் மூன்றாவது தடவையாகக் கத்தினார். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறைமலை நகரில் ஒரு கம்பெனி. 1991 ஆயுத பூஜை. பொரி, சுண்டல் எல்லாம் கொடுத்து முடித்து, சாயங்காலம் நாலு மணிக்கு மைதானத்தில் கச்சேரி. எப்போதும் போல சினிமாப் பாட்டு இல்லை. மெட்ராஸிலிருந்து காலேஜ் பையன்கள் நாலு பேர் எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸுமாக ராக் வாசிக்க வந்திருந்தார்கள்.

மேடைக்கு இடது பக்கம் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். அதில் அடியில், தும் தும் என்று அதிர்கிற பெரிய பேஸ் பாக்ஸை ஒட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயசு இருக்கும். பாவாடை தாவணி. மடியில் ஒரு தடிப் புத்தகம்.

‘எவ்ளோ திமிரு பாரு’ என்று முணுமுணுத்தபடி கண்ணப்பன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவள் பக்கத்தில் காக்கி யூனிபாரத்தில் ஒருத்தர் நின்றிருந்தார்.

“யோவ், உன் பொண்ணா?”

“ஆமா தம்பி, கலைமதி. நான் கோதண்டம், இங்க ஸ்டோர்ஸ்ல கீறேன். இதுக்காவவே வல்லக்கோட்டைலருந்து பஸ் ஏறி வந்துக்கீறோம்.”

“கச்சேரி கேக்க எடமா இல்ல? இங்க உக்காந்தா காது செவிடாய்டும்யா!”

“வுடு தம்பி, ஒண்ணும் ஆவாது.”

கண்ணப்பனின் கண் அந்தப் புத்தகத்தில் விழுந்தது. பூரா ஜப்பான் எழுத்து. ஒரு பக்கத்தில் நீள முடி வைத்த பையன் கிட்டார் வாசிக்கிறான். அடுத்த பக்கத்தில், முட்டைக் கண்ணுப் பெண் ஒருத்தி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“இன்னா கன்றாவி இது?”

“ஜப்பான் படக்கதை தம்பி. மிஷின் பார்ட்ஸ் வர்ற பொட்டில, பார்ட்ஸ் ஆடாம இருக்க முட்டுக்கு வெச்சி அனுப்பறாங்க. ஆபீசர் கிட்ட கேட்டு எடுத்துனு போவேன். எல்லாம் லவ் கதை. நாப்பது புக்கு சேத்து வெச்சிக்கீறா!” கோதண்டம் வெட்கமே இல்லாமல் சிரித்தார். “ஒரு புக்குல கடைசிப் பக்கம் இல்ல. இவளே பென்சிலால வரைஞ்சி முடிச்சிட்டா.”

“நல்ல அப்பன்யா நீ!”

தலையில் அடித்துக்கொண்டு கண்ணப்பன் மேடைக்கு வலது பக்கம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தன் மிக்ஸருக்குப் போய்விட்டார்.

கச்சேரி ஆரம்பித்தது. முதல் பாட்டில் கூட்டம் முழித்தது. இரண்டாவது பாட்டில் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பையன்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். அவள் பாக்ஸின் மேல் இரண்டு கையையும் பரப்பி, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டுக்கு நடுவில் யாரோ கண்ணப்பனின் சட்டையை இழுத்தார்கள். அவள்தான். பாக்ஸைக் காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள்.

“சவுண்டு நல்லாத்தான் கீது. போய் உக்காரு, போ.”

போகவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், அவர் உள்ளங்கையை அந்தப் பாக்ஸின் மேல் வைத்து அழுத்தினாள்.

வெறும் மரம். ஒரு அதிர்வும் இல்லை.

கண்ணப்பன் பின்பக்கம் ஓடினார். ஆடிய கூட்டத்தில் யார் காலோ தட்டி ஒயர் பிடுங்கிக்கொண்டு கிடந்தது. எடுத்துச் சொருகினார்.

தும்!

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். மேடையில் இருந்த பையன் அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

கச்சேரி முடிந்ததும் கண்ணப்பன் நேராகக் கோதண்டத்திடம் வந்தார்.

“அண்ணே, பதினஞ்சு வருசமா மைக் செட் போடறேன். இத்தினி சத்தத்துல ஒரு பாக்ஸ் செத்துப்போனத எவனும் கண்டுபுடிக்க மாட்டான். உங்க பொண்ணுக்குப் பாம்புக் காதுண்ணே!”

“காதா?” கோதண்டம் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். “அவளுக்குப் பொறந்ததுலருந்து காது கேக்காது தம்பி.”

கண்ணப்பன் கலைமதியைத் திரும்பிப் பார்த்தார்.

கோதண்டம் புத்தகத்தைப் பிரித்தார். கிட்டார் வாசிக்கும் இடத்தில், பெரிய பெரிய எழுத்துகள் கட்டத்தை உடைத்துக்கொண்டு பாய்ந்தன. எதிரே நின்ற பெண்ணின் முடி பறந்தது.

“பாத்தீங்களா? சத்தத்தையே வரைஞ்சி வெச்சிக்கீறாங்க. ஒரு நாளு இதக் காட்டி, ‘இது எங்க கீது, கூட்டினு போ’ன்னு கையாலயே கேட்டா. வூட்ல டேப்பு போட்டா அவளுக்கு இன்னா தெரியும்? நேர்ல வந்து உக்காந்தாதான் நெஞ்சுல வந்து வுழுவுது. இது அஞ்சாவது கச்சேரி. எனக்கு ஒரு மண்ணும் புரியாது. அவளுக்கு எல்லாம் புரியும்!”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

“அண்ணே... உங்க பொண்ணு எங்கிட்ட வேலைக்கு வருமா?”

“என்னிய ஏன் கேக்கறீங்க? அவளையே கேளுங்க.”

கண்ணப்பன் கலைமதியின் முன்னால் வந்து நின்றார். மிக்ஸரைக் காட்டினார், அவளைக் காட்டினார், வருகிறாயா என்று தலையை அசைத்தார்.

‘நானா? ஏன்?’ என்று அவள் கையை விரித்தாள்.

கண்ணப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தன் இடது காதைத் தொட்டு, ‘கேக்காது’ என்று கையை ஆட்டிக் காட்டினார்.

ரெண்டு வருஷமாகப் பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லாத விஷயம் அது.