தெருவில் நிற்க ஆட்கள்

“இந்தம்மா ரொம்ப உயரம் போலிருக்கு. இவங்களத் திருப்பி எடுத்துக்குங்க” என்று சொல்லி, அவள் கைப்பைக்குள்ளிருந்து ஒரு பெண்ணை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் நிற்க வைத்தாள். பின்னாலேயே ஒரு தபால்காரரும் குடை பிடித்த பெரியவரும் வந்து நின்றார்கள். மூவரையும் ஒரே தீப்பெட்டிக்குள் படுக்க வைத்துவிடலாம்.

கடைக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது. மேஜைமேல் போர் ஆட்டம் ஆடுகிறவர்களுக்குக் குட்டிக் குட்டிச் சிப்பாய் பொம்மைகள் விற்கிற கடை அது. பீரங்கி கேட்டால் விதவிதமாக எடுத்துப் போடுவார். சும்மா தெருவில் நடந்து போகிற மனுஷர்களைக் கேட்டால்தான் அலமாரியைக் குடைய வேண்டும். அப்படிக் குடைந்து கொடுத்ததைத்தான் இந்த அம்மாள் இரண்டாவது தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவர் ஒரு சிப்பாயை எடுத்துத் தபால்காரருக்குப் பக்கத்தில் வைத்தார். “நீங்களே பாருங்கம்மா, தோளுக்குத் தோள் சரியா நிக்குது. பெட்டி மேல போட்டிருக்கிற அளவு நம்பர நம்பியா குடுக்கறேன்? சிப்பாய்க்குத் தொப்பி இருக்கறதால பாதத்துலேர்ந்து கண்ணு வரைக்கும்தான் அளப்பாங்க. அதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“எனக்கும் சரியாத்தான் தெரியுது. என் பையனுக்குப் பிடிக்கலையே.”

“என்ன சொல்றாரு?”

“அவன் எங்க சொல்றான்” என்றாள் அவள்.

பையன் என்றதும் பொம்மை கேட்டு அழுகிற வயது என்று நினைத்துவிட வேண்டாம். மீசை வைத்தவன், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். போவதற்கு முன்னால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பல் துலக்கும்போதுகூட வாய் ஓயாது. திரும்பி வந்ததிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், ஒரு விளையாட்டாவது பிடிக்கட்டும் என்றார் டாக்டர். அவன் ஒரு பழைய கதவை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு, அட்டையில் ஒரு தெரு கட்டினான். ஷட்டர் இறக்கிய கடைகள், முனையில் தண்ணீர்க் குழாய், கம்பத்துக்குக் கம்பம் நூலில் மின்கம்பி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. முன்பு அவன் வைத்து ஆடிக்கொண்டிருந்த பொம்மைச் சிப்பாய்களைப் பரணிலிருந்து இறக்கித் தெருக்கோடியில் நிறுத்தினான்.

“இவ்ளோ பெரிய தெருவுல ஜனங்களே இல்லையேடா, வாங்கிட்டு வரட்டுமா?” என்று அம்மா சும்மாதான் கேட்டு வைத்தாள். அவன் தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டலுக்காக அவள் எத்தனை கடைப் படி வேண்டுமானாலும் ஏறத் தயாராக இருந்தாள்.

“பகடையாவது உருட்டிப் பாக்கறாரா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“அந்தப் பாக்கெட்டையே இன்னும் பிரிக்கல. சிப்பாயையும் வச்ச எடத்த விட்டு நகத்த மாட்டேங்கறான். நான் கொண்டுபோற ஆள சிப்பாய் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு வெரலால இப்படித் தள்ளிடறான்.” அவள் தபால்காரரை விரலால் மேஜை ஓரத்துக்குத் தள்ளிக் காட்டினாள். “ஆளுங்க சரியா அமைஞ்சிட்டா ஆட ஆரம்பிச்சிடுவான். ஆடினா பேசிடுவான். அவன் பேசினாப் போதும் எனக்கு.”

அதற்குமேல் கடைக்காரர் வாதாடவில்லை. உள்ளே போய் வெகுநேரம் உருட்டிவிட்டு, தூசி தட்டிக்கொண்டே ஒரு பெட்டியோடு வந்தார். முதுகில் பை மாட்டிய பயணிகள், கூடி நின்று பேசுகிறவர்கள், ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்கள். அவள் திறந்துகூடச் சரியாகப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அவன் பெட்டியைப் பிரித்தான். அவள் சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் ஆளைச் சிப்பாய் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தள்ளவில்லை. எடுத்துத் தெரு நடுவில் நிறுத்தினான். அப்புறம் குழாயடியில் சிலரை, கடை வாசலில் சிலரை என்று ஒவ்வொருவராக வைத்துக்கொண்டே போனான். யாரை எங்கே வைப்பது என்று அவன் யோசிக்கவே இல்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. கடைக்காரர்தான்.

“மன்னிச்சுக்கங்கம்மா, பெட்டி மாறிப் போச்சு. அது பொம்மை ரயில் செட்டுல ஸ்டேஷன்ல நிக்க வைக்கிற ஆளுங்க. அந்த அளவே வேற. சிப்பாய்க்கு நெஞ்சு வரைக்கும்தான் வருவாங்க. எடுத்துட்டு வந்துடுங்க, வேற வரவழைச்சுத் தரேன்.”

அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இத்தனை பாடுபட்டும் கடைசியில் இப்படியா ஆக வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. அவன் கண்டுபிடித்து எல்லாவற்றையும் தள்ளிவிடுவதற்குள் நாமே எடுத்துவிடலாம் என்று காலிப் பெட்டியோடு ஓடினாள்.

“குடுடா கண்ணு. கடைக்காரர் அளவு தெரியாம குடுத்துட்டாராம். அம்மா மாத்திட்டு வந்துடறேன்.”

அவன் சட்டென்று குனிந்து இரண்டு கைகளாலும் தெருவை மறைத்துக்கொண்டான். உதடு அசைந்தது. கரகரவென்றிருந்தாலும், அவள் ஏங்கிக் கிடந்த அதே குரல்தான்.

“அளவு சரியாத்தாம்மா இருக்கு. நாங்க சுட்டது சின்னப் பசங்கள.”