எனக்குப் பதில் யார்?

"எனக்குப் பதிலா யாரு வர்றாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க பாஸ். அது தெரிஞ்சா என்னால கையெழுத்துப் போட முடியாது."

ராய்ஸ் வலது தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தான். எதிரே லூயிவில் பேஸ்பால் கிளப்பின் மேலாளர் நார்மன், கையில் சம்மதக் கடிதத்தோடு நின்றார். மணி ஐந்து இருபது. இந்த வருஷத்து ஆள் மாற்றத்துக்கு ஆறு மணிதான் கெடு. அதற்கு மேல் கடவுளே வந்து சிபாரிசு செய்தாலும் ஒருவரையும் கொடுக்கவோ வாங்கவோ முடியாது.

"பதினேழு வருஷமாச்சு, இன்னும் அந்தப் பிடிவாதம் போகலையா?" என்றார் நார்மன்.

"எப்படிப் போகும்? இந்த ஊர் தலையில வச்சு ஆடின ஒரு பந்து வீச்சாளரைக் குடுத்துட்டு, சின்னப் பையன் என்னை வாங்கினீங்க. முதல் நாளே மொத்த மைதானமும், 'அவரைத் திருப்பிக் குடு, இவனைத் திருப்பி அனுப்பு'ன்னு கத்திச்சு. அவர் பேரைச் சொல்லிச் சொல்லியே ரெண்டு வருஷம் என்னை வறுத்தெடுத்தாங்க. எனக்குப் பதிலா வர்ற பையன் பேரு என் தலைக்குள்ள ஏற வேண்டாம் பாஸ்."

நியாயம்தான் என்று நார்மனுக்குப் பட்டது. ராய்ஸைப் போல நீண்ட காலம் ஒரே கிளப்பில் ஆடியவனை அவன் சம்மதமில்லாமல் யாரும் அசைக்க முடியாது. மூன்று கோடைகளாகப் பெரிய பெரிய கிளப்புகள் கேட்டும் மாட்டேன் என்றவன், இந்த வருஷம் தானாகவே வந்து, "போர்ட்லேண்டுன்னா போறேன். வேற எங்கேயும் வேண்டாம்" என்றான். முப்பத்தொன்பது வயது. பந்து வீசி வீசித் தேய்ந்த தோள் இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் பெரிது.

"கோப்பை ஜெயிச்சாப் போடற சாம்பியன் மோதிரத்து மேல ஆசை வந்துடுச்சு, அதானே? போர்ட்லேண்டுதான் இப்ப முதல் இடத்துல இருக்கு."

"மோதிரத்தை நீங்களே போட்டுக்குங்க."

"அப்புறம் எதுக்குய்யா அந்த மழை ஊரு?"

ராய்ஸ் சிரித்தான். "ஆறு மணி ஆகட்டும், சொல்றேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அவங்க எதைத் தந்தாலும் வாங்கிக்குங்க. பேரம் பேசறேன்னு காரியத்தைக் கெடுத்துடாதீங்க. எனக்கு இது நடந்தே ஆகணும்."

அந்தக் கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் உடைந்தது. நார்மனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ராய்ஸ் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

நடைபாதைக்கு வந்ததும் நார்மன் போர்ட்லேண்டைக் கூப்பிட்டார். சுமாரான மூன்று பையன்களைத் தருவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்கே ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால், பதினேழு வருஷம் உழைத்தவனை மூன்று உதவாக்கரைகளுக்குத் தள்ளிவிட்டான் நார்மன் என்று ஊர் பேசுமே! அதை அவரால் பொறுக்க முடியாது.

"மூணு பேரும் வேண்டாம். வெஸ்லியைக் குடுங்க."

"விளையாடறீங்களா? எங்க கீழ் அணியிலேயே முதல் பையன் அவன்! வீசற பந்தை எதிர்ல உட்கார்ந்து பிடிக்க அப்படி ஒரு கேட்ச்சர் பத்து வருஷத்துக்கு ஒருத்தன்தான் கிடைப்பான். செப்டம்பர்ல பெரிய அணிக்கு ஏத்தப் போறோம்."

"அவங்க அம்மா ஒண்டியா வளர்த்த பையன், நல்ல அடக்கம், நல்ல கை. எல்லாம் விசாரிச்சுட்டேன். அவனைக் குடுத்தா ராய்ஸ். இல்லேன்னா குட் ஈவினிங்."

போனை வைத்துவிட்டார். ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. நார்மனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கெட்டுப்போனால் ராய்ஸ் முகத்தில் எப்படி விழிப்பது? வீறாப்பாகப் பேசியிருக்க வேண்டாமோ என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஐந்து ஐம்பத்தாறுக்குப் போன் அடித்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்கய்யா, கல்நெஞ்சக்காரரே!"

நார்மன் அறைக்குள் நுழைந்தபோது ஆறு தாண்டி ஏழு நிமிஷம். ராய்ஸ் எழுந்து நின்றுவிட்டான்.

"முடிஞ்சது. நீ இப்ப போர்ட்லேண்ட் ஆளு."

ராய்ஸ் அவரை ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டான். தோளில் இருந்த ஐஸ் தண்ணீர் நார்மனின் சட்டையை நனைத்தது. அவன் கண்ணும் நனைந்திருந்தது.

"உன் மதிப்பைக் குறைக்காமத்தான் குடுத்திருக்கேன்" என்றார் நார்மன் பெருமையாக. "பேரைச் சொல்லலை, பயப்படாதே. தங்கமான சரக்கு."

"யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும் பாஸ்."

பெஞ்சின் மேல் கிடந்த அவனுடைய போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்ததும் ராய்ஸின் முகம் மலர்ந்தது.

"ஏன் போர்ட்லேண்டுன்னு கேட்டீங்கல்ல? பத்தொன்பது வயசுல நான் பண்ணின முட்டாள்தனம் ஒண்ணு இருக்கு, விட்டுட்டு ஓடிட்டேன். ரெண்டு வருஷமாத்தான் என்கூடப் பேசறான். என் பேரால மேல வந்தான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, வெளியே சொல்லவே விடலை. ஒரே ஒரு ஆட்டம் அவனுக்கு நான் பந்து போடணும், அதுக்குத்தான் இத்தனையும். நீங்களே கேளுங்க."

ஸ்பீக்கரைத் தட்டினான்.

"அப்பா! நான் வெஸ்லி! எங்கேயும் போயிடாதீங்க, இன்னைக்கு ராத்திரியே கிளம்பி வர்றேன். என்னை உங்க லூயிவில்லுக்கே மாத்திட்டாங்க!"