நேராகப் பார்க்கவும்

கடன் பிரிவு ஊழியர்களுக்கான விதிமுறைப் பயிற்சியில் அன்று முகச் சரிபார்ப்புப் பாடம். கேமரா முன்னால் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று அந்த ஆப் கண்டுபிடித்துவிடுமாம்.

"ஏதாவது ஒரு போட்டோவக் காட்டிப் பாருங்க, உடனே தள்ளிரும்," என்றார் பயிற்சியாளர் நேசக்குமார்.

உமாராணி அப்பாவின் நேராகப் பார்க்கும் போட்டோ ஒட்டிய துறைமுக பாஸைக் கேமரா முன் நீட்டினாள். மூட்டை சுமந்தே செத்துப்போன மனுஷன். அவர் முகம் மிஞ்சியிருப்பது அந்தப் படத்தில் மட்டும்தான்.

'கண் சிமிட்டவும்' என்றது திரை. பச்சை டிக் விழுந்தது.

"ஏளா, ஒங்கப்பாவுக்கு லோன் கெடைச்சிரும் போலயே!" என்று சிரித்தாள் பக்கத்து சீட் ஜெனிலா.

'வலப்பக்கம் திரும்பவும்.' மறுபடியும் பச்சை. அடுத்து 'நேராகப் பார்க்கவும்' என்று வருவதற்குள், "சாஃப்ட்வேர் கோளாறு," என்று நேசக்குமார் லேப்டாப்பை மூடிவிட்டார்.

உமாராணி பாஸைப் பார்த்தாள். படத்தில் இப்போது அப்பாவின் ஒரு காதும் ஒரு கன்னமும்தான் இருந்தன.

"சார், அதத் தெறங்க. நேராப் பாக்கச் சொல்லுங்க."

"கிளாஸ் முடிஞ்சிட்டும்மா."

"ஒங்களுக்கு முடிஞ்சிட்டு!" என்று கத்தினாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

முத்தையாபுரம் பஸ்ஸில் பாஸை மடியில் வைத்து, அப்பாவை நேராகப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான் கோபம் வந்தது.

"யப்பா, மிஷினு சொன்னா திரும்புதிய. நாஞ் சொன்னா திரும்ப மாட்டியளா?"